குறுக்கே கட்டிய துணி

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் குளிரில் முழங்கால் வலி கூடியிருக்கிறது. மற்றபடி சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கு. உன் இருமல் நின்றதா? தறி அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா.

போனில் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம். நீதான் இனிப் போனைத் தொடமாட்டேன் என்று மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறாய். அதனால் பேனாவைத் தேடி எடுத்தேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். நாற்பது அறை உள்ள விடுதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். என் பட்டறையில் செய்த மேசை, அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் காட்டினேன். பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். கைகழுவ உள்ளே போகும்போது அம்மாவின் கட்டிலில் கிடந்த போர்வையைப் பார்த்துவிட்டார். நீ நெய்து அனுப்பியது, நீலக் கோடு போட்டது.

"இத எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதா? என் பொண்ணு நெய்தது," என்றாள் அம்மா, ஏதோ ராஜ்யம் கைக்கு வந்த மாதிரி.

"இந்தத் துணியில மெத்தை உறை, திரை, விளக்கு மூடி எல்லாம் பண்ண முடியும்னா சொல்லுங்க. அப்புறம் உங்க மேசையப் பத்திப் பேசலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, எண்பது கெஜம் வேண்டும். மார்ச் முடிவதற்குள். உன்னால் முடியுமா என்று கேட்கவில்லை, முடியும் என்று தெரியும். மனசு வைப்பாயா என்றுதான் கேட்கிறேன்.

உன் அன்புத் தம்பி

---

ஜனவரி 24

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. ஜன்னல் எப்போதும் திறந்துதான் இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்குக் காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம் வேண்டும். உன் மனைவிக்கு நேரமில்லை என்றால் நீ கொடு. கை தேய்ந்துவிடாது.

போனைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பா போன மறுமாதம் போனில், "தறியும் வீடும் உனக்குத்தான் அக்கா, அம்மாவும் உன்கூடத்தான்" என்றாய். ஆறு மாதம் கழித்து வந்து, "அப்படி எப்பச் சொன்னேன்?" என்று கேட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாய். பேசியதை நீ விழுங்கிவிடுவாய். எழுதியதை விழுங்க முடியாது, காகிதம் தொண்டையில் நிற்கும். ஆகவே உனக்கும் எனக்கும் இனி எழுத்தில்தான்.

நெய்கிறேன். ஆனால் அந்தத் துணியின் சங்கதி உனக்குத் தெரியாது. எனக்கு யாரும் நெசவு சொல்லித் தரவில்லை. ஒரு பழைய போர்வையை நூல் நூலாகப் பிரித்து, எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்று நோட்டில் குறித்து வைத்துக் கற்றேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இன்றும் தறி பூட்டுகிறேன். பாவு, அதாவது நீளமாக ஓடும் நூல், இரட்டை முறுக்கு. யானையைக் கட்டலாம். ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், ஒற்றை இழை, முறுக்கே இல்லாத பஞ்சு. கதகதப்புக்காகப் போட்டது, பலத்துக்காக அல்ல. போர்வை, மெத்தை உறை, திரை இவற்றுக்குச் சரி. வேறு எதற்காவது என்றால் முதலில் எனக்கு எழுதிக் கேள்.

இன்னொன்று. நீ செய்யும் மேசைக்கு அடியில் உன் பெயரைச் சூடு வைத்துப் பதிக்கிறாய். என் துணி எங்கே போனாலும், அதை நெய்தவள் யார் என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். பெயர்கூட வேண்டாம். "என் அக்கா" என்று போடு. இரண்டு சொல். இதற்கு ஒப்புக்கொண்டு எழுத்தில் பதில் வந்தால் நூலைச் சாயத்துக்குக் கொடுப்பேன். வராவிட்டால் அவர் வேறு போர்வையைத் தேடிக்கொள்ளட்டும்.

அக்கா

---

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். ஒத்தடம் நடக்கிறது, நான்தான் கொடுக்கிறேன், நம்பு. உன் உடம்பையும் பார்த்துக்கொள், ஒரே மூச்சில் தறியில் உட்காராதே.

சம்மதம். எல்லாவற்றுக்கும் சம்மதம். "என் அக்கா" என்று கொட்டை எழுத்தில் போடுகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி விழுங்க முடியாது, சரிதானே?

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாவு, ஊடை என்று வந்த இடத்தில் என்னை நிறுத்தி, "இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இருவது வருஷம் அவளுக்கு ஊடைநூல் சுத்திக் குடுத்த கைடா இது" என்று கையை நீட்டிக் காட்டினாள். பிறகு, "இப்ப அவளுக்கு யாரு சுத்திக் குடுக்கறா?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

தம்பி

---

மார்ச் 30

தம்பிக்கு,

நலம். தோள்பட்டையில் மட்டும் ஒரு பிடிப்பு. அம்மா எப்படி இருக்கிறாள் என்று இரண்டு வரியாவது எழுது, ஒழுங்கு என்ற ஒரே சொல்லில் முடிக்காதே.

எண்பது கெஜமும் இன்று லாரியில் ஏற்றியாகிவிட்டது. நாற்பத்தெட்டு அங்குல அகலம், ஐந்து சுருள். ஊடைநூலை நானே சுற்றி நானே நெய்ததால் ஒவ்வொரு நாளும் பாதி நாள் சுற்றுவதிலேயே போனது. இதை அம்மாவிடம் சொல். சாயக்காரர் சுருள்களைத் தூக்க வந்தார். "உங்க தம்பி என்ன, கப்பலுக்குத் துணி கட்டறாரா?" என்றார். "கட்டட்டும், அதுல அவனே ஏறிப் போகட்டும்" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது சுருளில் ஒரு இடத்தில் அறுந்த பாவு நூலை முடிச்சுப் போட்டிருக்கிறேன். சிவப்பு நூலால் அடையாளம் வைத்திருக்கிறேன். வேறு குறை கிடையாது. தேடாதே.

அக்கா

---

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? நாங்கள் சுகம். அம்மாவைப் பற்றி இரண்டு வரி கேட்டாய். நிறையவே எழுதுகிறேன், ஏனென்றால் சேதியே அம்மாவில்தான் தொடங்குகிறது.

துணி பிரமாதம். மெத்தை உறை, திரை, விளக்கு மூடி எல்லாம் முடிந்தும் பாதித் துணி மிச்சம். அதில் எனக்கு ஒரு யோசனை. தச்சரிடம் ஒரு சாய்வு நாற்காலி செய்யச் சொன்னேன். பக்கத்துக்கு ஒரு மரச்சட்டம், தலைப்பக்கம் ஒரு உருளைக்கட்டை, முழங்கால் பக்கம் ஒரு உருளைக்கட்டை. நடுவில் துணி மட்டும் தொங்கும். மெத்தை இல்லை, பலகை இல்லை. உட்கார்ந்தால் துணியே உடம்பை ஏந்திக்கொள்ளும்.

முதலில் கோடுகள் தலையிலிருந்து காலுக்கு ஓடும்படி கட்டினோம். சிறைக் கம்பி மாதிரி இருந்தது. துணியைத் திருப்பிக் கோடுகள் குறுக்கே வரும்படி கட்டினோம், அலை மாதிரி ஆகிவிட்டது! துணியின் கரையையே மடித்துத் தைத்துக் கட்டையில் கோத்துவிடலாம், ஓரம் தைக்கிற வேலையும் மிச்சம். தச்சர்தான், "தறிக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றார். உனக்கு எழுதிப் பதில் வரப் பத்து நாள் ஆகும். விடுதிக்காரர் படத்தைப் பார்த்த அன்றே நாற்பது நாற்காலி கேட்டுவிட்டார், மாசக் கடைசி கெடு. அதனால் கேட்கவில்லை. கோபிக்காதே.

முதல் நாற்காலி அம்மாவுக்கு. பதினெட்டாம் தேதி மாடி முகப்பில் கொண்டுபோய்ப் போட்டேன். கோட்டைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். "பெரியவளுக்கு இந்தப் படத்த அனுப்பினியா?" என்று கேட்டாள். "அனுப்பறேம்மா" என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்தாள், அதுவும் பாதி உடம்பை. தினமும் காலையில் கொஞ்ச நேரம் உட்காருகிறாள். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம்.

அச்சடித்த விளம்பரப் புத்தகம் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். நாற்காலிப் படம் நடுப்பக்கத்தில் இருக்கிறது. படங்களை மட்டும் பார். எழுத்தெல்லாம் விளம்பரக்காரர்கள் எழுதுவது, அதைப் படித்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி

---

மே 4

தம்பிக்கு,

நலம். அம்மாவின் வலி குறைந்தது கேட்டுச் சந்தோஷம். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

படத்தைப் பார், எழுத்தைப் படிக்காதே என்றாய். எழுத்தைத்தான் முதலில் படித்தேன். நான்கு தடவை. அப்படியே எடுத்து எழுதுகிறேன், நீயும் இன்னொரு தடவை படி.

"எழுத்தறியா விரல்கள் நூலில் எழுதிய கவிதை. பாதை முடியும் இடத்தில், ஒரு குடிசையில், தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஒரு மூதாட்டியிடம் எங்கள் வடிவமைப்பாளர் கண்டெடுத்த பொக்கிஷம்."

பாதை என் வாசலில் முடியவில்லை. பேருந்து நிலையம்வரை போகிறது, வர மனமிருந்தால் வரலாம். குடிசை என்கிறாய். மாடிப்படி உள்ள குடிசை. அந்தப் படியில் விழுந்து நீ உடைத்துக்கொண்ட பல்லை அம்மா வெகுகாலம் ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். அறுபத்து மூன்று வயதில் நான் மூதாட்டி. ஐம்பத்தொரு வயதில் நீ மீசைக்கு மை பூசிக்கொண்டு முதல் பக்கத்தில் நிற்கிறாய். கண்டெடுத்தாயாமே? தொலைந்ததைத்தான் கண்டெடுப்பார்கள். நான் தொலையவில்லை. நீ தேடவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். எழுத்தறியா விரல்கள்! பன்னிரண்டு வயதில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். மிச்சத்தை நூல் கட்டு சுற்றிவரும் பழைய செய்தித்தாளில் படித்தேன். நீ கல்லூரியில் சேர "என் இலட்சியம்" என்று இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டி இருந்ததே, அதை எழுதியது எந்த விரல்கள்? அதைப் படித்துத்தானே உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள்? இந்தக் கடிதத்தை யார் எழுதுவதாக நினைக்கிறாய், சாயக்காரரா?

"என் அக்கா." இரண்டு சொல். பிப்ரவரி எட்டாம் தேதி நீ எழுதிக் கொடுத்தது என் பெட்டியில் இருக்கிறது. புத்தகத்தில் எங்கே?

புதிதாக அச்சடி. அடித்து எனக்கு ஒன்று அனுப்பு.

நாற்காலிப் படத்தையும் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலில் நீ உன் வார்த்தையைக் காப்பாற்று. பிறகு என் வார்த்தை வரும்.

அக்கா

---

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று கடிதத்தின் காரத்திலேயே தெரிந்தது.

கோபப்படாமல் கேள். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஒரு கடையில் வாங்குகிறவர்களுக்குத் துணி மட்டும் போதாது, கூடவே ஒரு கதையும் வேண்டும். நெய்தவள் தினம் செய்தித்தாள் படிப்பாள், தம்பிக்குக் காரமாகக் கடிதம் எழுதுவாள் என்று போட்டால் யார் துணியைத் தொடுவார்கள்? அது நீ இல்லை, அக்கா. அது விளம்பரத்தில் வருகிற ஒரு கிழவி. அவளுக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துக்கொள். இரண்டாயிரம் புத்தகம் அடித்தாயிற்று. அடுத்த தடவை பார்க்கலாம்.

நாற்காலியைப் பற்றி என்ன சொல்லப் போகிறாய்? கோடு கோணல், தையல் கோணல் என்பாய். பார்க்கிறவர்கள் எல்லாம் கொண்டாடுகிறார்கள். விடுதியில் நாற்பதும் போட்டாயிற்று. அவசரம் என்றால் சாயக்காரர் கடையிலிருந்து ஒரு போன் போடேன், உன் சபதம் ஒரு நாளைக்கு லீவு எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மா உன் கடிதம் வந்ததிலிருந்து, "நாற்காலியப் பாத்தாளாமா? துணியக் கட்டினதப் பத்தி என்ன எழுதியிருக்கா?" என்று நச்சரித்தாள். விளம்பரப் புத்தகச் சண்டையை அவளிடம் சொல்லி எதற்கு வம்பு? "பாத்தாளாம், ஒண்ணும் சொல்லல" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அதிலிருந்து பாதி உடம்பு கதையெல்லாம் இல்லை. நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, நாள் முழுக்க அதில்தான் இருக்கிறாள். மத்தியானத் தூக்கமும் அதில்தான்.

உன் தம்பி

---

மே 22

தம்பிக்கு,

அம்மாவை அந்த நாற்காலியிலிருந்து இன்றே எழுப்பு.

நீ துணியைக் குறுக்கே கட்டியிருக்கிறாய். உட்காருகிறவர் பாரம் முழுவதும் ஊடையில் தொங்குகிறது. ஊடை வெறும் பஞ்சு என்று ஜனவரியிலேயே எழுதினேன். கட்டையில் மடிந்து உராயும் இடத்தில் முதலில் வெளுக்கும், பிறகு மெலியும், பிறகு ஒரே நேரத்தில் கிழியும். மெல்ல மெல்லக் கிழிந்து எச்சரிக்கை தராது. நீளவாட்டில் கட்டினால் இருபது வருஷம் தாங்கும். நாற்பதையும் கழற்றித் திருப்பிக் கட்டு. சிறைக் கம்பி மாதிரி இருந்தால் இருக்கட்டும்.

இதைத்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

அக்கா

---

ஜூன் 9

அக்காவுக்கு,

அம்மா விழுந்துவிட்டாள். மே முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம். தூங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பக்கத்துக் கட்டையில் துணி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கோடாகக் கிழிந்திருக்கிறது. நீ எழுதியது போலவே. இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. இந்த வயதில் எலும்பு ஒட்டாது என்றுவிட்டார் மருத்துவர். "இனி நடக்கறதப் பத்தி யோசிக்காதீங்க. படுக்கையில புண் வராமப் பாத்துக்குங்க" என்றார்.

ஒரு வாரம் கழித்து, ஜூன் ஏழாம் தேதி உன் கடிதம் வந்தது. மே இருபத்திரண்டு என்று தேதி போட்டிருக்கிறாய். தபால்காரனைத் திட்டுவதற்காகத்தான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். உன் ஊர்த் தபால் முத்திரை ஜூன் இரண்டு.

உன் கடிதம் எப்போதும் ஐந்து நாளில் வந்துவிடும். எழுதிய அன்றே போட்டிருந்தால் இருபத்தேழாம் தேதி என் கையில் இருந்திருக்கும். அம்மா அதற்கப்புறம் நான்கு நாள் அந்த நாற்காலியில் இருந்தாள்.

பதினோரு நாள், அக்கா. அந்தக் கடிதம் எங்கே இருந்தது?

சேதி கேட்டு விடுதிக்காரர் நாற்பதையும் திருப்பி அனுப்பிவிட்டார். அவரிடம் என்ன சொல்ல முடியும்? நெய்தவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், எது நீளம், எது குறுக்கு என்று விளக்கத் தெரியவில்லை என்றேன். நம்பினார். புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே.

தம்பி

---

ஜூன் 18

தம்பிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். மறைப்பதற்கு நான் நீ இல்லை.

கடிதம் தறிப் பலகையில் இருந்தது. ஒட்டி, தபால்தலை வைத்து, முகவரி எழுதித்தான் வைத்திருந்தேன். நெய்யும்போது கண் எதிரில் இருந்தது. நீ புத்தகத்தைத் திருத்தப் போவதாக ஒரு வரி எழுதுவாய், அது வந்ததும் போடலாம் என்று இருந்தேன். தினமும் தபால்காரரைப் பார்த்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் சாயக்காரர் வந்து உறையைப் பார்த்தார். என்ன என்று கேட்டார், சொன்னேன்.

"அம்மா விஷயம்ங்கறீங்க. கடைக்கு வந்து ஒரு போன் போடுங்களேன். நான் வெளிய நிக்கறேன்."

"போன்ல பேச மாட்டேன்னு அவன்கிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்ப இதையாவது குடுங்க, போற வழியில பெட்டில போட்டுட்டுப் போறேன்."

"எனக்குக் கால் இருக்கு."

அவர் அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. நூலை ஆளிடம் கொடுத்தனுப்புகிறார்.

பதினோராம் நாள் நானே போய்ப் போட்டேன். துணி இன்னும் ஒரு மாதமாவது தாங்கும் என்று கணக்கிட்டிருந்தேன். அம்மா பாதி உடம்பை வைத்துக் கொஞ்ச நேரம் உட்காருகிறாள் என்ற கணக்கு அது. நாள் முழுக்க என்று நீ எழுதிய பிறகும் அந்தக் கணக்கை நான் மாற்றவில்லை. அதுதான் என் குற்றம். உன் குற்றத்தை நீ கண்டுபிடித்துக்கொள். தச்சர் கேட்கச் சொன்னார், நீ கேட்கவில்லை. சொல்ல ஒன்று இருக்கிறது என்று நான் எழுதினேன், ஒன்றும் சொல்லவில்லை என்று நீ அம்மாவிடம் சொன்னாய்.

நீ விடுதிக்காரரிடம் சொன்னதும் சரிதான். எழுதப் படிக்கத் தெரியாதவளின் கடிதம் இப்படித்தான் வந்து சேரும்.

அம்மாவை இங்கே அனுப்பு. படுக்கையில் கிடப்பவளைத் திருப்பிப் போட எனக்குத் தெரியும், அப்பாவை நான்கு வருஷம் பார்த்தவள் நான். அவளை அனுப்ப மாட்டாய் என்றால் அந்த நாற்காலியையாவது அனுப்பு.

அக்கா

---

ஜூலை 12

அக்காவுக்கு,

அம்மாவிடம் உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் மறைக்கவில்லை, என்னைப் பற்றிய வரியைக்கூட. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுத்தில்தான் வேண்டும் என்பாயே.

"துணி குறுக்க இருக்குன்னு மொத நாளே எனக்குத் தெரியும்டா. தொட்டதுமே தெரிஞ்சுது. ஊடை இழுக்குது, இது தாங்காதேன்னு நெனச்சேன். ஒன்கிட்டச் சொன்னா, கெழவிக்கு என்ன தெரியும்னுவே. அதான் பெரியவளுக்குப் படத்த அனுப்பச் சொன்னேன். அவ கண்ணுல ஒரு நூல் தப்பாது. தப்புன்னா அவ ஊரக் கூட்டிருவா. பாத்தாளாம், ஒண்ணும் சொல்லலன்னு நீ சொன்னே. சரி, ஊடையில வேற நூல் போட்டிருக்கா போல, நமக்குத்தான் பழைய கணக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அவ சும்மா இருந்தான்னா தாங்கும்னுதான் சாஞ்சு உக்காந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அங்கே போகிறாயா என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளாகத் திரும்ப முடியாது, தலையை மட்டும் திருப்பினாள். மறுபடியும் கேட்டேன். "ரெண்டு பேருமே எனக்கு ஒண்ணுதான். இங்கயே கெடக்கேன், நகத்த வேணாம்" என்றாள்.

நீ கேட்டபடி புத்தகத்தைத் திருத்திவிட்டேன். எழுத்தறியா விரல்கள் இல்லை, மூதாட்டி இல்லை, குடிசை இல்லை. புதிய நாற்காலிக்கு ஆலைத் துணி. நெய்தவர் யார் என்று போட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பிரதி இதனுடன் இருக்கிறது.

நாற்காலியையும் உன் துணியில் மீதி இருந்த ஆறு கெஜத்தையும் லாரியில் அனுப்பிவிட்டேன். இனி உனக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை.

தம்பி

---

செப்டம்பர் 5

தம்பிக்கு,

அம்மாவின் நலம் கேட்டு இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

நாற்காலி ஜூலை இருபத்து நான்காம் தேதி வந்தது. கிழிந்த துணியைக் கழற்றிப் பார்த்தேன். பாவில் ஒரு நூலுக்கும் சேதம் இல்லை. இதை உன் தச்சரிடம் சொல்.

மீதித் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, நீ கட்டியது போலவே, கோடுகள் குறுக்கே வரும்படி கட்டினேன். கரையை மடித்துத் தைத்தேன், ஓரம் தைக்கவில்லை. ஜூலை இருபத்தேழாம் தேதியிலிருந்து அதில் உட்காருகிறேன். பாதி உடம்பை வைத்து அல்ல. நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, காலையிலிருந்து சாயங்காலம்வரை. தறி சும்மா கிடக்கிறது. அடியில் மெத்தை போடவில்லை, சிமெண்டுத் தரைதான்.

சாயக்காரர் கணக்கு முடிக்க வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். துணி எப்படிக் கட்டியிருக்கிறது என்று அவருக்கும் தெரியும். "எந்திரிங்க" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. "யாருக்காக இது?" என்று கேட்டார். துணி எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதாகச் சொன்னேன்.

தலைப்பக்கத்துக் கட்டையில் துணி வெளுத்துவிட்டது. போன வாரத்திலிருந்து மெலிகிறது, கை வைத்தால் தெரிகிறது.

அம்மாவுக்கு நாற்பத்து நான்கு நாள் தாங்கியது. எனக்கு இன்று நாற்பத்தொன்று. நான் அம்மாவைவிட எடை கூடியவள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாற்பத்தாறாம் நாளாக இருக்கும்.

சற்று எழுந்து போய் இதை நானே தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். எழுதிய தேதியும் முத்திரையும் ஒன்றாகவே இருக்கும். உறையைத் திருப்பிப் பார்த்துக்கொள்.

உன் அக்கா